கூவம் பிரதர்ஸும் ஒரு வெண்கலக் கும்பாவும்

மதராஸில் சங்கீதக்காரன் என்றால் பெயருக்குப் பின்னால் பிரதர்ஸ் என்று போட்டுக்கொள்ள வேண்டும். அப்போதுதான் சபாக்காரர்கள் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள். இந்த மரியாதையைக் கேலி செய்யத்தான் மந்தைவெளிப் பையன்கள் மூன்று பேர் சேர்ந்து தங்களுக்குக் 'கூவம் பிரதர்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். மூவரில் யாரும் யாருக்கும் அண்ணனோ தம்பியோ இல்லை. கித்தாரும் பாட்டும் ஜவஹர், டிரம்ஸ் ஸ்ரீரங்கன், பேஸ் கித்தார் அப்துல் கய்யூம். மற்ற கோஷ்டிகள் ஓட்டல்களில் வெள்ளைக்காரன் பாட்டை வெள்ளைக்காரன் மூக்காலேயே பாடிக் கைத்தட்டல் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் தமிழில், அதுவும் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவன் பேசுகிற தமிழில், சொந்தமாகப் பாட்டு கட்டிப் பாடினார்கள். கேட்க ஆள் வரவில்லை. வந்தவர்களும் பாதியில் எழுந்து போனார்கள். இரண்டு வருஷம் தாக்குப்பிடித்துவிட்டு எழுபத்தொன்றில் கோஷ்டி கலைந்தது. ஒரு இசைத்தட்டுகூட வெளிவரவில்லை.

உலகத்தில் அவர்களுடைய ஒலிப்பதிவு என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது தி. நகர் பனகல் பார்க் பக்கம் பாத்திரக்கடை வைத்திருந்த சுயம்புலிங்கத்தின் மகள் சண்முகவடிவிடம் இருந்தது.

அது அவள் கைக்கு வந்த கதையே ஒரு கூத்து. எழுபத்தொன்று காணும் பொங்கலன்று அடையாறு காந்தி நகரில் ஒரு கச்சேரி. கல்லூரித் தோழி விஜயலக்ஷ்மி வீட்டுப் பக்கத்து மைதானத்தில். வடிவு அப்பாவிடம் நோட்டீஸைக் காட்டி அனுமதி கேட்டாள். சுயம்புலிங்கம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 'பிரதர்ஸ்' என்ற சொல்லை மட்டும் பார்த்தார். ஏதோ முருகன் பாட்டு பாடுகிறவர்கள் என்று நினைத்து, "நல்ல காரியம், போய்க் கேளு" என்றதோடு நில்லாமல், பர்மா பஜாரில் புதிதாக வாங்கிய பேட்டரி டேப் ரெக்கார்டரையும் கையில் கொடுத்து, "அப்படியே புடிச்சிட்டு வாட்டி, நானும் கேக்கேன்" என்று அனுப்பிவைத்தார். அந்தக் கச்சேரிதான் கூவம் பிரதர்ஸின் கடைசிக் கச்சேரி.

வடிவு பிடித்துக்கொண்டு வந்ததில் கடைசிப் பாட்டை அன்று ராத்திரி இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டுப் பாதியில் நிறுத்தச் சொன்னார். "என்னட்டி இது, வெண்கலக் கடையில ஆனை பூந்தாப்ல இருக்கு?" என்றார். அவரே வெண்கலக் கடைக்காரர் என்பதால் அந்தப் பழமொழியைச் சொல்ல அவரைவிட உரிமை உள்ளவர் யார் இருக்கிறார்கள்? மறுநாள் விடிகாலையில் வடிவு சித்தி மகள் கல்யாணத்துக்குத் திசையன்விளைக்குக் கிளம்பிப் போனாள். திரும்பி வந்த பிறகுதான் டேப்பை முழுதாகப் போட்டுக் கேட்டாள். அதற்குள் கோஷ்டி கலைந்த செய்தியும் வந்துவிட்டது.

அன்றைக்கு முதல் தடவையாக அவர்கள் பாடிய பாட்டு ஒன்று அதில் கடைசியாக இருந்தது. அடையாற்றுப் பாலத்தின்மேல் பஸ்ஸுக்காக நிற்கிற ஒருவனின் பாட்டு.

பாலத்து மேலே நிக்கிறேன்டா
பஸ்ஸு வந்தா ஏறுவேன்
பஸ்ஸு வரலேன்னா...

அந்த இடத்தில் எல்லாம் நின்றுவிடும். கித்தார் இல்லை, டிரம்ஸ் இல்லை, மூச்சுவிடுகிற சத்தம்கூட இல்லை. பிறகு அந்த நிசப்தத்துக்குள்ளே ஒரே ஒரு தடவை 'ணங்' என்று ஒரு வெண்கல நாதம். அது இழுத்துக்கொண்டே போய் அடங்கும்போது ஜவஹரின் குரல் பாய்ந்து வரும்:

ஊரே இங்க வரட்டும்டா!

கச்சேரிக்கு வந்திருந்த சிலரைத் தேடிப்பிடித்து வடிவு போட்டுக் காட்டினாள். கேட்டவர்களுக்கு அந்த இடத்தில் மயிர்க்கூச்செறிந்தது. மயிலாப்பூரில் வங்கி குமாஸ்தாவாக இருந்த வேம்பு, தொடையில் தாளம் போட்டபடி கேட்டுவிட்டு, "சரியா ஒரு ஆவர்த்தனம் விடறான் பாருங்கோ! காத்துண்டு நிக்கறவனோட மனசு அதுல இருக்கு. நான் அன்னிக்கு முன்வரிசையில உக்காந்து காதால கேட்டேனே, உடம்பு சிலிர்த்துடுத்து" என்றான். குளத்தங்கரையில் சைக்கிள் கடை வைத்திருந்த கபாலி, அன்றைக்கு டிரம்ஸை டிரைசைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனவன், வேறு மாதிரி சொன்னான். "மனசுமில்ல ஒண்ணுமில்ல நைனா. அது பஸ்ஸு மணி. கண்டக்டரு அட்ச்சிட்டு போய்க்கினே கீறான், இவன் வுட்டுட்டு நிக்கிறான். அதான் மேட்டரு." இந்தச் சண்டை ஏழு வருஷமாகியும் தீரவில்லை.

வேம்பு டேப்பிலிருந்து கேசட்டில் ஏற்றினான். கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பரவியது. நந்தனம் கல்லூரிப் பையன்கள், கே.கே. நகர்க் குடித்தனக்காரர்கள், வடபழனியில் சினிமாவுக்கு வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் என்று ஊர் முழுக்க ரசிகர்கள் முளைத்தார்கள். வருஷா வருஷம் காணும் பொங்கலன்று சாயங்காலம் அடையாறு பீச்சில் கூடிப் பாட்டுகளைப் போட்டுக் கேட்பார்கள், கூடவே பாடுவார்கள். பாலத்துப் பாட்டு கடைசியில்தான் வரும். அதற்கு ஒவ்வொருவரும் சொந்த வீட்டு டம்ளர் ஒன்றும் கரண்டி ஒன்றும் கொண்டுவர வேண்டும் என்பது சட்டம். பஸ்ஸு வரலேன்னா என்றதும் அத்தனை டம்ளர்களும் தலைக்குமேல் போகும். வேம்புவின் கை தாளம் எண்ணும். அவன் தலையசைத்ததும் எல்லாரும் சேர்ந்து ஒரே தட்டு. பட்டாணி சுண்டல் விற்கிறவர்கள்கூட நின்று பார்ப்பார்கள்.

டம்ளர்கள் எல்லாம் வடிவின் கடையில்தான் வாங்கியவை. பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற பொன்ராஜிடம் கொடுத்து ஒவ்வொன்றிலும் 'கூ.பி.' என்று வெட்டித் தரச் சொன்னாள். சுயம்புலிங்கத்துக்கு இது பெரிய புதிராக இருந்தது.

"ஏட்டி, மாசத்துக்கு நாலு டம்ளர் இந்தப் பேர்ல போவுது. கூ.பி.ன்னா எந்தக் குடும்பம்? கூத்தபெருமாளா?"

"பெரிய குடும்பம்ப்பா. தெரிஞ்சவங்கதான்" என்பாள் வடிவு.

அதைச் சொல்லும்போது அவளுக்கு நிஜமாகவே நெஞ்சு நிமிரும். ஊரில் யாரும் சீந்தாத பாட்டை அழியாமல் காத்தது அவள். இன்றைக்கு மதராஸில் எந்தப் பையன் கித்தாரைத் தூக்கிக்கொண்டு தமிழில் சொந்தமாகப் பாடினாலும் அவன் எங்கேயோ ஒரு கேசட்டில் கூவம் பிரதர்ஸைக் கேட்டவனாகத்தான் இருப்பான். அப்படி மூன்று கோஷ்டிகள் கிளம்பிவிட்டன. இதெல்லாம் அந்த மூன்று பேருக்கும் தெரியுமா என்பதுதான் அவளுடைய ஒரே குறை. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே யாருக்கும் தெரியவில்லை. ஒருநாள் அவர்களைக் கண்டுபிடித்து இதைக் காட்டவேண்டும், மறுபடி ஒரு தடவை மேடையில் பாடவைக்க வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுபத்தெட்டு ஜனவரி, பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, ஒரு அம்மாவும் மகனும் கடைக்கு வந்தார்கள். பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம், சீர்ப் பாத்திரம் வாங்கவேண்டும். அந்த அம்மா ஒவ்வொன்றையும் சுண்டிப் பார்த்துப் பார்த்து எடுத்தாள். மகன் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அரைக்கை சட்டை, முன்வழுக்கை, சட்டைப்பையில் இரண்டு பேனா. வடிவு அவனைக் கவனிக்கவே இல்லை.

"இவ்வளவு மூட்டையோட பஸ்ஸுல எப்படிடா போறது?" என்று அம்மா கேட்டாள்.

"பஸ்ஸு வரலேன்னா டாக்ஸி வெச்சுக்கலாம்மா" என்றான் மகன்.

வடிவு கையிலிருந்த தவலையை அப்படியே வைத்துவிட்டாள். அந்த இரண்டு சொற்களை அந்தக் குரலில் அவள் எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பாள்!

"நீங்க... கூவம் பிரதர்ஸ் ஜவஹர்தானே?"

அவன் முகம் போலீஸ்காரன் பெயர் கேட்டால் எப்படி ஆகுமோ அப்படி ஆயிற்று. "அந்தப் பேரு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"காந்தி நகர்க் கச்சேரிக்கு வந்திருந்தேன்."

"அதுக்கா? நாற்காலி போட்டவரையும் சேத்து முப்பது பேரு இருந்திருந்தா அதிகம். அதுல நீங்க ஒருத்தரா? பாவம்ங்க" என்று சிரித்தான். "அதெல்லாம் விட்டாச்சு. நான் இப்ப நாக்பூர்ல இன்ஷூரன்ஸ் கம்பெனியில இருக்கேன். ஸ்ரீரங்கன் ஸ்கூல் வாத்தியார். கய்யூம் திருவல்லிக்கேணியில மருந்துக்கடை. எங்க பாட்ட யாரும் கேக்கல. அதுல தப்பில்ல, கேக்கறாப்புல இல்ல, அவ்வளவுதான்."

வடிவுக்குச் சுருக்கென்றது. எல்லாவற்றையும் அங்கேயே கொட்டிவிட வேண்டும்போல் இருந்தது. ஆனால் சொல்வதைவிடக் காட்டுவது நல்லது என்று அடக்கிக்கொண்டாள். "காணும் பொங்கலன்னிக்கு சாயங்காலம் அடையாறு பீச்சுக்கு ஒரு நடை வாங்க. உங்களுக்கு ஒண்ணு காட்டணும். வரணும், கண்டிப்பா வரணும்" என்றாள். அவள் சொன்ன விதத்தில் அந்த அம்மாவே, "போய்ட்டு வாடா, கூப்பிடுதுல்ல" என்றாள்.

அவன் வந்தான். சவுக்குத் தோப்பைத் தாண்டி வந்தவன் மணலில் அப்படியே நின்றுவிட்டான்.

நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். கபாலி வாடகைக்கு எடுத்துவந்த ஸ்பீக்கரில் அவனுடைய குரல் வந்துகொண்டிருந்தது. அவன் மறந்தே போன வரிகளைக் கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். நந்தனம் பையன் ஒருவன் ஓடிவந்து, "அண்ணே, உங்க பாட்டக் கேட்டுத்தான் நான் கித்தாரே தொட்டேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டான். கபாலி முண்டியடித்துக்கொண்டு வந்தான். "நைனா, என்ன தெர்தா? உன் டிரம்ஸ ஏத்திக்கினு வந்தேனே! ஏழு வர்ஷம் ஆச்சு, இன்னா ஆளுப்பா நீ, சொல்லாம கொள்ளாம பூட்ட!" ஜவஹர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், மாட்டினான், மறுபடி கழற்றினான். வடிவு சற்றுத் தள்ளி நின்று அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அன்றைக்குத்தான் பொங்கல்.

கடைசியில் பாலத்துப் பாட்டு வந்தது. பஸ்ஸு வரலேன்னா என்றதும் டம்ளர்கள் உயர்ந்தன. வேம்புவின் கை எண்ணியது. ஒரே தட்டு. ஊரே இங்க வரட்டும்டா!

பாட்டு முடிந்ததும் எல்லாரும் ஜவஹரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றான்.

"நல்லாருந்துச்சு. ஆனா நடுவுல ஒரு சத்தம் வந்துச்சே, அது என்னது?"

"உங்களோடதுதான் சார். அந்த நிறுத்தம்" என்றான் வேம்பு.

"நாங்க நிறுத்தலையேங்க. 'பஸ்ஸு வரலேன்னா'ன்னு ரெண்டு வாட்டி பாடிட்டு நேரா அடுத்த வரிக்குப் போயிடுவோம். மணியெல்லாம் ஸ்ரீரங்கன்கிட்ட கிடையவே கிடையாது."

"நான் அன்னிக்கு முன்வரிசையில..." என்று ஆரம்பித்த வேம்பு, பாதியில் நிறுத்தி, மெல்ல மணலில் உட்கார்ந்துவிட்டான்.

யாரோ ஒருவர், "அப்ப சரியாப் பாடிக் காட்டுங்கண்ணே" என்றார். நந்தனம் பையனிடமிருந்து கித்தாரை வாங்கி ஜவஹர் பாடினான். அந்த வரியை இரண்டு தடவை பாடினான். யாரும் டம்ளரைத் தூக்கவில்லை. பாட்டு சரியாகத்தான் இருந்தது. கேட்டவர்களுக்குத்தான் இருட்டில் மாடியிறங்கும்போது ஒரு படி குறைந்துபோன மாதிரி இருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு டம்ளர்களைப் பைக்குள் சத்தம் வராமல் வைத்துக்கொண்டார்கள்.

கிளம்பும்போது ஜவஹர் வடிவிடம் வந்தான். "இவ்வளவு பேரு இருக்காங்கன்னு தெரிஞ்சதே போதும்ங்க. பாட்டுல ஒரு தப்பு இருந்தா என்ன, பரவால்ல" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். அந்தப் பரவால்ல அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஏழு வருஷம் அவள் காத்தது தப்பான பாட்டு. அந்தத் தப்பை ஊருக்கெல்லாம் கொடுத்தவளும் அவள்தான். எப்படி நடந்தது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் பழைய டேப்பை எடுத்துவந்து கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்து அந்த இடத்தைப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். பத்தி கொளுத்திக்கொண்டிருந்த சுயம்புலிங்கம் திரும்பினார்.

"ஏட்டி, நிறுத்து. அத இன்னொரு தடவ போடு."

போட்டாள். ணங்.

"நம்ம கும்பால்லா இது!"

சாமி படத்துக்குக் கீழே அரிசி நிரப்பி வைத்திருந்த வெண்கலக் கும்பாவை எடுத்தார். கடை ஆரம்பித்த நாளில் ஊரிலிருந்து கொண்டுவந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை பொங்கல் சமயத்தில்தான் அதைக் காலி செய்து புது அரிசி மாற்றுவார். மற்ற நாளெல்லாம் நிறைந்தே இருப்பதால் அதற்குக் குரல் உண்டு என்பதே வடிவுக்குத் தெரியாது. அரிசியை ஒரு தாம்பாளத்தில் கொட்டினார். கும்பாவை இடது உள்ளங்கையில் ஏந்தி, வலது நடுவிரலால் விளிம்பில் ஒரு சுண்டு சுண்டினார், காலமெல்லாம் வாடிக்கைக்காரர்களுக்கு வெண்கலத்தின் தரத்தைக் காட்டச் சுண்டுவது போலவே. டேப்பிலிருந்த அதே நாதம், அதே இழுப்பு, கடை முழுக்கப் பரவி நின்றது.

"நீ திசையன்விளைக்குப் போனேல்லா, அன்னைக்கு. அரிசி மாத்த இதக் கவுத்து வச்சிருந்தேன். பொட்டியையும் கடைக்கு எடுத்துட்டு வந்திருந்தேன். நம்ம வெண்கலத்தோட சத்தம் பொட்டிக்குள்ள எப்படி விழுதுன்னு பாப்போமேன்னு செவப்புப் பட்டன அமுக்கிட்டுச் சுண்டுனேன். திருப்பிப் போட்டுக் கேக்கத் தெரியல. பொட்டி கெட்டுப்போச்சோன்னு பயந்து மூடி வச்சிட்டேன்."

"அப்பா! அது ஒரு பாட்டுமேல விழுந்திருக்குப்பா. ஒரு வரியே அழிஞ்சிபோச்சு. அதத்தான் நாங்க ஏழு வருஷமா டம்ளர் வச்சுத் தட்டிக்கிட்டிருக்கோம்."

"யாரு, அந்தக் கூ.பி. குடும்பமா? எத்தன பேரு?"

"நூறு பேருக்கு மேல."

"நூறு பேரா?" சுயம்புலிங்கம் கும்பாவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். தப்பு செய்த முகம் வைத்துக்கொள்ளத்தான் பாடுபட்டார். மீசை கேட்கவில்லை, இரண்டு பக்கமும் மேலே ஏறிக்கொண்டு போயிற்று. வடிவு மத்தியானம் வரை அவரோடு பேசவில்லை.

சாயங்காலம் ஜவஹர் சீர்ப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டுபோக டெம்போவோடு வந்தான். வடிவு எதையும் மறைக்காமல் நடந்ததைச் சொன்னாள். "உங்க பாட்டக் காப்பாத்துறோம்னு நெனச்சு, எங்கப்பா சுண்டுனதைக் காப்பாத்திக்கிட்டிருந்திருக்கோம். மன்னிச்சிருங்க" என்றாள்.

"தம்பி, புள்ளையத் திட்டாதீக. செஞ்சது நான். இந்தா, இதுதான் அந்த ஆள்" என்று சுயம்புலிங்கம் கும்பாவை ஏந்திச் சுண்டினார்.

ஜவஹர் அசையாமல் நின்றான். நாதம் முழுக்க அடங்குகிறவரை நின்றான்.

"இன்னொரு வாட்டி அடிங்க ஐயா."

சுண்டினார். அந்த இழுப்பு தேயும் இடத்தில் ஜவஹரின் உதடு தானாக அசைந்தது. ஊரே இங்க வரட்டும்டா. வாடிக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்த ரெண்டாவது வாட்டி இருக்கே, அது எனக்குப் பிடிச்சதேயில்லைங்க" என்றான் மெதுவாக. "வேற வார்த்தை அகப்படாமப் போட்டது. பாடுறப்பல்லாம் மூச்சு முட்டும். அந்த இடத்துல என்னமோ ஒண்ணு வேணும், என்னன்னுதான் தெரியல. நேத்து பீச்சுல நான் சரியாப் பாடினேன் பாருங்க, வீட்டுக்குப் போற வழியெல்லாம் எனக்கே அது தப்பாக் கேட்டுச்சு." பிறகு சுயம்புலிங்கத்தின் பக்கம் திரும்பிக் கைகூப்பினான். "தங்கச்சி கல்யாண ரிசப்ஷனுக்கு ஸ்ரீரங்கனும் கய்யூமும் வராங்க. பாடலாமான்னு நேத்தே கேட்டுட்டேன். நீங்களும் வரணும். கும்பாவோட."

மயிலாப்பூரில் அந்தக் கல்யாண மண்டபம் அன்று நிரம்பி வழிந்தது. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரின் கூட்டம் என்றும், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரின் கூட்டம் என்றும் நினைத்துக்கொண்டார்கள். பாதிப் பேர் அழைப்பில்லாமல் வந்த கூ.பி. குடும்பத்தார். கபாலி வாசலில் நின்று, "மொய் வெச்சிட்டுத்தான் உக்காரணும், மானத்த வாங்காதீங்க" என்று அவர்களை மிரட்டி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தான். எல்லார் பையிலும் டம்ளர் இருந்தது.

மேடையில் முன்வழுக்கையோடு ஜவஹர். தலை நரைத்த ஸ்ரீரங்கன். தொந்தி போட்டிருந்த அப்துல் கய்யூம். அவர்களுக்கு நடுவே, மயில்கண் வேட்டியும் விபூதியுமாக, கும்பாவை மடியில் வைத்துக்கொண்டு சுயம்புலிங்கம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பட்டணத்தில் எத்தனையோ கடன்காரர்களையும் அதிகாரிகளையும் பார்த்துக் கலங்காத மனிதர், கீழே முதல் வரிசையில் இருந்த மகளைப் பார்த்து எச்சில் விழுங்கினார். வடிவு கண்ணாலேயே 'இருக்கேன்ப்பா' என்றாள்.

பாட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஏழு வருஷம் தொடாத கைகள் ஆரம்பத்தில் கொஞ்சம் தடுமாறின. தடுமாறிய இடத்திலெல்லாம் கூட்டம் பாடித் தூக்கிவிட்டது. சீர் வரிசைக்கு நடுவே உட்கார்ந்திருந்த பெரியவர்கள் திகைத்துப்போய்ப் பார்த்தார்கள். எழுந்து போகத்தான் ஒருவரும் எழவில்லை. எப்படி எழுவார்கள்? இன்னும் சாப்பாடு போடவில்லை. ஆனால் இலை போட்டாயிற்று என்று சமையல்காரர் வந்து சொன்ன பிறகும் யாரும் எழவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு பாலத்துப் பாட்டு.

பாலத்து மேலே நிக்கிறேன்டா
பஸ்ஸு வந்தா ஏறுவேன்
பஸ்ஸு வரலேன்னா...

நின்றது. ஜவஹர் கித்தார்மேல் உள்ளங்கையை வைத்து மூடினான். ஸ்ரீரங்கன் குச்சிகளை மார்போடு அணைத்துக்கொண்டான். கூட்டத்தில் டம்ளர்கள் தலைக்குமேல் உயர்ந்தன. ஆனால் ஒருவரும் தட்டவில்லை, கரண்டிகளைக் கீழேயே வைத்திருந்தார்கள். அசல் வந்திருக்கும்போது நகல் எதற்கு? வேம்புவின் கை எண்ணிக்கொண்டு வந்தது. அவன் தலையசைக்கும் முன்பே, யாரும் சொல்லாமலே, சுயம்புலிங்கத்தின் விரல் விழுந்தது.

ணங்.

மின்விசிறிகளின் சத்தத்துக்கு மேலே அது எழுந்து மண்டபத்தைச் சுற்றி வந்தது. முன்னூறு பேர் மூச்சுவிடாமல் அது போகிற திசையில் தலையைத் திருப்பினார்கள். வடிவுக்குக் கண் நிறைந்து மேடை தெரியவில்லை. அது அடங்கும் நொடியில் மூன்று பேரும் ஒன்றாகப் பாய்ந்தார்கள், கூட்டமும் சேர்ந்து கொண்டது. ஊரே இங்க வரட்டும்டா! வந்திருந்தது. ஜவஹர் அடுத்த வரியைப் பாட முடியாமல் மைக்கைவிட்டு விலகி அழுதுகொண்டே சிரித்தான். அதையும் கூட்டமே பாடியது.

கடைசியில் அவன் ஒவ்வொருவராகக் கைகாட்டினான். "டிரம்ஸ், ஸ்ரீரங்கன். பேஸ், அப்துல் கய்யூம். வெண்கலம், சுயம்புலிங்கம் ஐயா." கைத்தட்டலோடு நூறு டம்ளர்களும் சேர்ந்துகொண்டன. சுயம்புலிங்கம் எழுந்து கும்பிட்டுவிட்டு மகளிடம் குனிந்து, "ஏட்டி, ஆனை இன்னைக்குத்தான் ஒழுங்காப் பூந்திருக்கு" என்றார்.

மறுநாள் சாமி படத்துக்குக் கீழே அரிசி ஒரு எவர்சில்வர் கிண்ணத்துக்கு மாறிவிட்டது. கும்பா காலியாகக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. கடைக்கு வந்த ஒரு அம்மாள் அதை எடுத்துச் சுண்டிப் பார்த்து, அந்த நாதத்தில் மயங்கி, விலை கேட்டாள்.

"அது விக்கதுக்கு இல்ல தாயி."

அவள் திருப்பிப் பார்த்தாள். விளிம்பில் பொன்ராஜின் உளி புதிதாக வெட்டிய இரண்டு எழுத்துகள் பளபளத்தன. "ஓ, பேரு வெட்டியிருக்கு. கூ.பி.ன்னா யாரு?"

வடிவு கணக்கு போட்டுக்கொண்டிருந்த இடத்திலிருந்து நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். சுயம்புலிங்கம் கும்பாவை வாங்கித் துண்டால் ஒரு தடவை துடைத்துவிட்டு, அதன் இடத்தில் வைத்தார்.

"அது பெரிய குடும்பம்மா" என்றார். "நாங்கதான்."